பாரத்தைப் பகிரும் இணைப்பு

விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்காவில் பல குடும்பங்கள் சிறியதொரு வீட்டையே காரின் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றன! படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அமைந்த இந்த டிரெயிலரைக் காருடன் பிணைக்கும் இணைப்புக்கு 'ஹிட்ச்' என்று பெயர். அதைத் தேர்ந்தெடுப்பதில் நமது பௌதிகப் பாடம் ஒளிந்திருக்கிறது.

மாட்டுவண்டியில் முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். டிரெயிலரும் அப்படித்தான். அதன் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இணைப்பின்மீது அழுந்த வேண்டும். மிகவும் குறைந்தால், வேகமாகச் செல்கையில் டிரெயிலர் பாம்புபோல் இருபுறமும் ஆடிக் காரையும் கவிழ்த்துவிடக்கூடும்.

2,500 கிலோ டிரெயிலர் ஒன்று இணைப்பை 300 கிலோ அழுத்துவதாகக் கொள்வோம். காரின் இரு அச்சுகளுக்கிடையே 3 மீட்டர். இணைப்போ பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால். நெம்புகோல் விதிப்படி கணக்கிட்டுப் பாருங்கள். முன் சக்கரங்கள் 120 கிலோ பாரத்தை இழக்கின்றன. பின் சக்கரங்கள் 420 கிலோ கூடுதலாகச் சுமக்கின்றன! காரைத் திருப்புபவை முன் சக்கரங்களே. பிரேக் பிடிக்கும்போதும் பெரும்பங்கு வேலை அவற்றுக்கே. அவை இலேசானால் ஆபத்தல்லவா?

எடைப் பகிர்வு இணைப்பில் இரண்டு எஃகுத் தண்டுகள் பின்னோக்கி நீண்டிருக்கும். அவற்றின் முனைகளைச் சங்கிலியால் மேல்நோக்கி இழுத்து டிரெயிலரின் சட்டத்தில் மாட்டுவார்கள். வில்போல் வளைந்த தண்டுகள் நிமிர முயலும்போது காரின் பின்புறம் உயரும். பாரத்தில் ஒரு பகுதி முன் சக்கரங்களுக்கும், ஒரு பகுதி டிரெயிலரின் சக்கரங்களுக்கும் போய்ச்சேரும். எடை குறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவே. ஆகவே காரின் சக்திக்கு மீறிய டிரெயிலரை இதன் துணையால் இழுக்க எண்ணக்கூடாது.

தடித்த தண்டாக வாங்கினால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் தேவைக்கு மேல் தடித்த தண்டு எளிதில் வளையாது. சாலையின் குலுக்கல் முழுவதும் சட்டத்தைத் தாக்கும். சாமான்களையும் தண்ணீரையும் ஏற்றிய பிறகே இணைப்பின்மீது அழுந்தும் எடையை நிறுத்தறிய வேண்டும். காரின் பின்னச்சுக்குப் பின்னே வைக்கும் மூட்டைகளையும் அதனுடன் கூட்டி, அந்தத் தொகைக்கேற்ற தண்டை வாங்குவதே முறை. சில கார்களுக்கு இவ்வகை இணைப்பே ஆகாது. காரின் கையேட்டை முதலில் படித்துவிடுவது நல்லது.

பொருத்தியது சரிதானா என்று பார்க்க ஓர் அளவுநாடா போதும். டிரெயிலரைப் பூட்டுமுன் காரின் முன் மட்கார்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்துக்கொள்வார்கள். பூட்டியதும் அது சற்று உயரும். தண்டுகளை மாட்டிய பின், கையேட்டில் குறித்த அளவுக்கு அது மீண்டும் இறங்கியிருக்க வேண்டும். இல்லையேல் சங்கிலியில் ஒரு கண்ணி கூட்டியோ குறைத்தோ மாட்டி, மறுபடியும் அளப்பார்கள்.