சாலைக்கு அடியில் ஒரு நகரம்

நாட்டுப் பிரிவினையின்போது லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றதால், இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் ஒன்று தேவைப்பட்டது. அவ்வாறு சிவாலிக் மலையடிவாரத்தில் எழுந்த நகரமே சண்டிகர். 1951ஆம் ஆண்டு கட்டடக்கலை வல்லுநர் லே கார்பூசியே இதன் வரைபடத்தை வகுத்தார். நகரம் ‘செக்டார்’ என்னும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உடையவை. வீடு, கடை, பள்ளி, பூங்கா ஆகியவை ஒரே செக்டாருக்குள் அமைந்துள்ளன. விரைவுச் சாலைகள் செக்டாரைச் சுற்றிச் செல்ல, கடைத்தெரு அதன் ஊடே செல்கிறது.

கண்ணுக்குத் தெரியும் இச்சாலைகளின் அடியில் கண்ணுக்குத் தெரியாத பாதைகளும் உள்ளன. வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வெளியேறும் கழிவுநீரைப் பாதாளச் சாக்கடைக் குழாய்கள் கொண்டு செல்கின்றன. அந்நீர் பெரும்பாலும் தன் எடையாலேயே மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடுகிறது. ஆகவே, குழாயின் சரிவைப் பொறியாளர்கள் துல்லியமாகக் கணக்கிடுகின்றனர். நீர் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்திலேனும் ஓடினால்தான் மணலும் கசடும் அடியில் தங்கமாட்டா. சண்டிகரின் நிலம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இயல்பாகவே மெல்லச் சரிந்திருப்பது இதற்குத் துணைபுரிகிறது.

மழைநீருக்குத் தனி வடிகால் வேண்டும். இரண்டும் ஒரே குழாயில் சென்றால், பெருமழையில் கழிவுநீர் பொங்கித் தெருவில் வழியக்கூடும். சாலையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி அமைப்பதும் மழைநீர் ஓரத்து வடிகாலை அடைவதற்காகவே.

புதிய குடியிருப்புகளில் முதலில் குழாய்களைப் பதித்து, பள்ளத்தை அடுக்கடுக்காக மண்ணிட்டு இறுக்கிய பின்னரே சாலை அமைக்க வேண்டும். மண் சரியாக இறுகாவிடில், சில மாதங்களிலேயே சாலை உள்வாங்கிவிடும்.

சரிவு பிழைத்தாலும், நெகிழிப் பைகளும் உணவகங்களின் எண்ணெய்க் கழிவும் சேர்ந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். குழாயைத் தூய்மை செய்ய இடையிடையே ‘மேன்ஹோல்’ எனப்படும் ஆள்நுழைவுக் குழிகள் உள்ளன. ஆயினும், அவற்றினுள் நச்சு வாயு தங்கியிருக்கும். உரிய பாதுகாப்பின்றி இறங்கிய தொழிலாளர் பலர் உயிரிழந்துள்ளனர். அவ்வாறு மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இயந்திரங்களே அப்பணியைச் செய்ய வேண்டும்.

எனவே, பொறியாளர் வகுக்கும் சரியான சரிவும், குப்பையைச் சாக்கடையில் இடாத மக்களின் பழக்கமும் ஒரு தொழிலாளியின் உயிரைக் காக்கின்றன.