கைதட்டல் சொல்வது என்ன?

மேடையேறும் குழந்தையைப் பார்த்துக் கூட்டம் கைதட்டலாம், சிரிக்கலாம், பேசாமலும் இருக்கலாம். இவற்றின் பொருளைப் பெரியவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். சிறு குழந்தைக்கோ எல்லாமே தன்னைப் பற்றிய தீர்ப்பாகத் தோன்றும். அது அன்றைய ஆட்டத்துக்கோ பாட்டுக்கோ கிடைத்த வரவேற்பு மட்டுமே என்பதைப் பெரியவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு வயதும் முக்கியம். உளவியலாளர்கள் ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லப்பட்டது. மாக்சி என்ற சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மிகச் சிறிய குழந்தைகள் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியையே காட்டினர். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற புரிதல் ஏறத்தாழ 4 வயதுக்குப் பிறகே வலுப்படுகிறது. அதுவரை, பார்ப்பவர் மனநிலையை ஊகித்துக்கொள்ளும்படி குழந்தையிடம் விட்டுவிடக் கூடாது.

விளக்கம் நடந்ததை ஒட்டி இருக்க வேண்டும். ஆண்டு விழாவில் முயல் வேடமிட்ட குழந்தையின் அட்டைக் காது கழன்று விழுகிறது, கூட்டம் சிரிக்கிறது. "காது விழுந்தது வேடிக்கையாக இருந்தது, அதனால் சிரித்தார்கள். நீ அதை மாட்டிக்கொண்டு மறுபடி ஆடினாய், அதற்குத்தான் கைதட்டினார்கள்" என்று சொன்னால் இரண்டும் தனித்தனியே புரியும். கதையில் மூழ்கியவர்களும் அமைதியாக இருப்பார்கள் என்பதையும் சொல்லலாம். கைதட்டும் சத்தத்துக்கே மிரளும் குழந்தைகளுக்கு ஒத்திகையின்போதே அதைப் பழக்கலாம். காது கேளாதோர் இரு கைகளையும் உயர்த்தி அசைத்துப் பாராட்டுவதையும் காட்டலாம்.

பாராட்டும் சொல்லிலும் கவனம் தேவை. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி எனப் பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் தோல்விக்குப் பின் எளிதில் சோர்ந்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றனர். "நீ கெட்டிக்காரி" என்பதைவிட "கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடினாய்" என்பது உதவும்.

குறையை மேடையிலிருந்து இறங்கியதுமே சொல்லக் கூடாது. குழந்தை ஓய்வெடுத்த பிறகு, "உனக்கு எப்படி இருந்தது?" என்று முதலில் கேட்டு, திருத்தக்கூடிய ஒன்றை மட்டும் சொன்னால் போதும். மற்றக் குழந்தைகளின் நிகழ்ச்சியில் பார்வையாளராக உட்காரவைத்து, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று சொல்லப் பழக்குவதும் அவசியம். அப்படிப் பழகும் குழந்தை, பிறர் தன்னைப் பற்றிச் சொல்வதையும் கலங்காமல் கேட்கக் கற்றுக்கொள்ளும்.