டயாலிசிஸ் நோயாளிக்கு ஏன் தூக்கம் வருவதில்லை?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரவுத் தூக்கம் சரியில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. அன்னவாசல் போன்ற ஊரிலிருந்து புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போய்வருபவருக்கு இதோடு பஸ் பயணமும் சேரும். முதல் ஷிஃப்ட் என்றால் விடியுமுன் எழ வேண்டும். ஆனாலும் அலைச்சலை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

பெரிய தொல்லை கால்களில். படுத்ததும் உள்ளே ஏதோ ஊர்வதுபோலக் குடையும். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி தொடங்கும். இரும்புச்சத்துக் குறைவுக்கும் மூளையின் டோபமைன் செயல்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. கூடவே அரிப்பு. அரிப்புக்குத் தரும், தூக்கக் கலக்கம் உண்டாக்கும் சில அலர்ஜி மாத்திரைகள் கால் குடைச்சலைக் கிளப்பிவிடும் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

அடுத்தது மூச்சுத்தடை. சிறுநீராகப் போகாமல் பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுப்பாதையை நெருக்குகிறது. குறட்டை திடீரென்று நின்று, மூச்சுத்திணறி விழிப்பதைப் பக்கத்தில் படுப்பவர்தான் முதலில் கவனிப்பார். கனடாவின் டொராண்டோவில் 14 பேரை இரவு முழுக்க, மெதுவாக ஓடும் டயாலிசிஸுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மூச்சுத்தடை மணிக்குச் சராசரி 25 தடவையிலிருந்து 8 ஆகக் குறைந்ததாக 2001இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. நம் ஊர்களுக்கு அந்த வசதி எட்டாக்கனி. உப்பைக் குறைத்து, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் எடையைக் கட்டுப்படுத்துவது கைக்கு எட்டும் வழி. கருவாடும் ஊறுகாயும் அதற்கு முதல் எதிரி.

இரவில் சுரக்க வேண்டிய மெலடோனினும் இவர்களுக்குச் சரியாக ஏறுவதில்லை. போதாக்குறைக்கு மெஷின் ஓடும்போது பகலில் கண் அயர்வது இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளத் திரவப் பைகள் தரப்படுகின்றன. அதில் பயணம் மிச்சம். தூக்கக் கோளாறு அதனாலேயே போய்விடாது.

தூக்க மாத்திரை கடைசியாக யோசிக்க வேண்டியது. சில வகை மாத்திரைகள் மூச்சுத்தடையை மோசமாக்கும். கால் குடைச்சலுக்குத் தரும் காபாபென்டினும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. அதனால் குறைந்த அளவில், பெரும்பாலும் டயாலிசிஸ் முடிந்த பிறகே கொடுப்பார்கள்.