ஆள் ஏறாத வண்டி: நாகூர் தண்டவாளத்து டவர் வேகனும், அதன் டிராம் காலத்து தாத்தாக்களும்

நாகூர் ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருக்கும்போது எப்போதாவது அந்த வண்டி கண்ணில் பட்டிருக்கும். ஒற்றைப் பெட்டி. கூரைக்கு மேல் ஒரு மேடை, அதில் ஹெல்மெட் போட்ட நாலைந்து பேர். பிளாட்பாரம் ஓரமாக வந்து நின்றாலும் யாரும் ஏற முடியாது. ‘இது எந்த ஊர் வண்டி?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், ‘கரண்ட் வேலை பாக்குற வண்டிங்க’ என்பார். அவ்வளவுதான் தெரியும்.

அதன் பெயர் டவர் வேகன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக நாகூரைத் தொட்டு காரைக்கால் போகும் பாதை மின்மயமான பிறகு, இந்த வண்டி இல்லாமல் இங்கே ரயில் ஓட்ட முடியாது. ஆனால் இது இன்று நேற்று பிறந்த யோசனை இல்லை. நூறு வருஷத்துக்கு முன் உலகமெங்கும் தெருவில் ஓடிய மின்சார டிராம்கள்தான் இப்படிப்பட்ட ‘வேலைக்கார வண்டி’களை ஒரு குடும்பமாகவே வளர்த்தன.

கம்பியை நம்பாத வண்டி

தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். அதை ரிப்பேர் செய்ய வேண்டுமென்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் மின்சார இன்ஜின் நகராது. ஆகவே கம்பியைப் பராமரிக்கும் வண்டி மட்டும் கம்பியை நம்பியிருக்கக் கூடாது. டவர் வேகன் டீசலில் ஓடுவது இதனால்தான். அதன் கூரையிலும் ஒரு பான்டோகிராஃப் இருக்கும். ஆனால் வண்டி ஓடுவதற்காக அல்ல. கம்பி சரியான உயரத்தில், சரியான இடத்தில் இருக்கிறதா என்று உரசிப் பார்ப்பதற்காக.

கொஞ்சம் கவனித்தால் இன்னொரு விஷயம் தெரியும். மேலே உள்ள கம்பி நேர்க்கோட்டில் போகாது. ஒரு கம்பத்தில் சற்று இடப்பக்கம், அடுத்த கம்பத்தில் சற்று வலப்பக்கம் என்று வளைந்து வளைந்து போகும். கட்டியவர்கள் தப்பாகக் கட்டிவிடவில்லை. பான்டோகிராஃபின் ஒரே இடத்தில் கம்பி உரசிக்கொண்டே போனால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்துவிடும். தேய்மானம் சமமாகப் பரவட்டும் என்றுதான் இந்த வளைவு. புயல் காற்றில் அந்த அளவு மாறிவிட்டால், டவர் வேகன் மேடையில் நிற்பவர்தான் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

டிராம் காலத்தில் இதே வேலை வேறு மாதிரி நடந்தது. அங்கே கம்பியில் இருந்தது சுமார் 500, 600 வோல்ட் நேர்மின்சாரம். உயரமான மரக் கோபுரத்தை வண்டியில் ஏற்றி, பல ஊர்களில் குதிரையைப் பூட்டி இழுத்து வந்தார்கள். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது என்ற தைரியத்தில், கம்பியில் மின்சாரம் ஓடும்போதே லைன்மேன்கள் மேலே நின்று வேலை பார்த்தார்கள். கீழே டிராம்கள் வந்தால் வண்டியை ஓரமாகத் தள்ளி வழிவிட்டு, மறுபடி நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இன்றைய 25,000 வோல்ட்டில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. மின்சாரம் இருக்கும் கம்பிக்கு 2 மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது.

சென்னை கற்ற பாடம்

மின்சார டிராமை இந்தியாவில் முதலில் பார்த்த ஊர் சென்னை. 1895-ல் ஓடத் தொடங்கியது. கல்கத்தாவில் குதிரை டிராம் முன்பே இருந்தாலும், மின்சாரம் அங்கே வந்தது 1902-ல்தான்.

சென்னையின் முதல் டிராமுக்கு மேலே கம்பியே கிடையாது. சாலைக்கு அடியில் பள்ளம் எடுத்து, அதற்குள் மின்கடத்தியை வைத்து, நடுவில் ஒரு நீளமான இடுக்கு வழியாக மின்சாரம் எடுத்தார்கள். கண்ணுக்கு அழகுதான், தெருவில் கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழையைப் பற்றி யாரோ யோசிக்க மறந்துவிட்டார்கள்! மழைத் தண்ணீர் பள்ளத்தில் நிறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் அந்த முறையையே கைவிட்டு, மேலே கம்பி கட்டினார்கள். பராமரிக்க முடியாத ஒன்றை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் ஊர் அதை ஏற்காது.

1953 ஏப்ரலில் சென்னை டிராம் நின்றுபோனது. கம்பெனி நஷ்டத்தில் இருந்தது. வேப்பேரியில் டிராம் ஷெட் இருந்த இடம்தான் இன்றைய பெரியார் திடல். வண்டிகள் போய்விட்டன, தண்டவாளங்கள் போய்விட்டன. அந்த ஷெட்டில் இருந்து வேலைக்குக் கிளம்பிய ஆட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மண் அள்ள ஒன்று, மணல் தூவ ஒன்று

டிராம் தண்டவாளத்துக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. டிராம் தண்டவாளம் சாலையோடு சாலையாகப் பதிந்திருக்கும். சக்கரத்தின் விளிம்பு போக ஒரு காடி மட்டும் இருக்கும். மாட்டுச் சாணம், சேறு, சரளைக்கல் எல்லாம் அந்தக் காடியில்தான் போய் விழும். அழுக்கு என்பது வெறும் அசிங்கமல்ல, மின்சாரப் பிரச்சினை. மேல் கம்பியில் இருந்து வரும் மின்சாரம் மோட்டாரைச் சுற்றிவிட்டு, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித்தான் திரும்பிப் போக வேண்டும். நடுவில் காய்ந்த மண் ஒரு அடுக்கு உட்கார்ந்தால் சுற்று அறுந்துவிடும், டிராம் நின்றுவிடும்.

ஆகவே பயணிகள் வண்டிக்கு முன்னும் பின்னும் பலவகை வண்டிகள் ஓடின. புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் தொட்டி வண்டி. தண்டவாளத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் வண்டி. மெல்போர்னில் இதை ‘ஸ்க்ரப்பர்’ என்றார்கள், சாணைக்கல் போன்ற கட்டைகளைத் தண்டவாளத்தின் மேல் அழுத்திக்கொண்டே போகும். பனி ஊர்களில் பெரிய உருளைத் துடைப்பம் வைத்த வண்டி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1890-களில் கட்டிய 29-ஆம் எண் டிராம், பயணிகளை ஏற்றுவதை நிறுத்திய பின் மணல் தூவும் வண்டியாக மாறியது. அங்கே தெருவோர மரங்களின் இலை விழுந்து நசுங்கினால் தண்டவாளம் சோப்பு போல வழுக்கும். மணல் போட்டால்தான் பிரேக் பிடிக்கும். அதன் காலத்துப் பயணிகள் வண்டிகள் எல்லாம் போய்விட்டன, மணல் வண்டி மட்டும் தப்பியது.

பழைய வண்டிக்கு வேலைக்காரன் உத்தியோகம் கொடுப்பது எல்லா ஊர் டிராம் கம்பெனிகளும் செய்ததுதான். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே கருவிகளை அடுக்கினால் போதும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் இன்று கிடைக்கும் மிகப் பழைய டிராம்களில் பல, நடுவில் கொஞ்ச காலம் இப்படி மண் சுமந்தவை.

உப்புக் காற்றும் ஒற்றைப் பாதையும்

நாகூருக்குப் பனிப் பிரச்சினை இல்லை. இங்கே எதிரி உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு, கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்கள் மேல் மெல்லப் படியும். காய்ந்த உப்பு ஒன்றும் செய்யாது. அதிகாலைப் பனியோ, லேசான தூறலோ பட்டால் அதுவே மின்சாரம் பாயும் வழியாகிவிடும். ‘பட்’ என்று ஒரு வெடிச்சத்தம், மொத்தப் பாதையிலும் மின்சாரம் போய்விடும். நல்ல மழை பெய்தால் உப்பைக் கழுவிவிடும். அரைகுறைத் தூறல்தான் ஆபத்து. கடலோரப் பாதைகளில் இன்சுலேட்டரைத் துடைக்கும் வேலை அடிக்கடி நடப்பதும், தண்ணீர் ஒட்டாத சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர்களைப் பொருத்துவதும் இதனால்தான்.

துடைக்க நேரம் கிடைக்க வேண்டுமே, அதுதான் சிக்கல். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் ஒற்றைப் பாதை. இரட்டைப் பாதையில் ஒன்றை நிறுத்தி மற்றதில் ரயிலை விடலாம். இங்கே ‘பவர் பிளாக்’ வாங்கினால் அந்த நேரத்துக்கு மின்சார ரயில் எதுவும் கிடையாது. எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, நாகூரை ஒட்டியுள்ள காரைக்கால் துறைமுகத்தில் இருந்து நிலக்கரி ஏற்றி வரும் சரக்கு ரயில்கள் இருக்கின்றன, கந்தூரி வந்துவிட்டால் தர்காவுக்கு வரும் கூட்டம் வேறு. இவற்றுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் மேடையில் ஏற வேண்டும்.

ஏறுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு, அதில் யாரும் அவசரம் காட்டக் கூடாது. மின்சாரம் நின்றது என்று கன்ட்ரோல் அறையில் இருந்து தகவல் வந்த பிறகும், வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் நீளமான கம்பு ஒன்றின் ஒரு முனையை முதலில் தண்டவாளத்தோடு இணைத்துவிட்டு, அதன் பிறகே மறுமுனையைக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டுகிறார்கள். கம்பியில் மிச்சம் மீதி மின்சாரம் இருந்தாலோ, தவறுதலாக யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டாலோ, அது மனிதர்கள் வழியாகப் போகாமல் மண்ணுக்கு இறங்கிவிடும். வேலை முடிந்ததும் முதலில் ஆட்கள் இறங்க வேண்டும், கருவிகளை எண்ண வேண்டும், அதன் பிறகே கம்பை எடுக்க வேண்டும். மேலே மறந்துவிட்ட ஒரு ஸ்பானர் கூட அடுத்த ரயிலின் பான்டோகிராஃபை உடைத்துவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. இப்போது தண்டவாளத்துக்கு மேலேயும் கம்பி இருக்கிறது. அடுத்த புயல் ஓய்ந்த காலையில், விழுந்த மரத்தையும் தொங்கும் கம்பியையும் பார்த்துக்கொண்டு நாகூர் பக்கம் மெதுவாக உருண்டு வரும் முதல் வண்டிகளில் ஒன்று, யாரையும் ஏற்றாத இந்த டீசல் வண்டியாகத்தான் இருக்கும்.