கவணும் கவட்டையும்

குறிஞ்சித் திணைப் பாடல்களில் வரும் கவண் என்னும் கருவியை மாணவர்க்கு விளக்கப் புகும்போது, 'நீங்கள் மாங்காய் அடிக்கும் லாஸ்திக்தான் அது' என்று சொல்லி மேலே சென்றுவிடுவது ஆசிரியர்க்கு எளிது. மாணவர்க்கும் உடனே விளங்கிவிடும். ஆனால், விளங்கியது வேறொரு கருவி. கவண் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. கவைக்கொம்பில் இரப்பர் பூட்டிய கவட்டைக்கோ இன்னும் இருநூறு வயதுகூட நிரம்பவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது பாட்டின் பொருளுக்கு வேண்டும்; கவட்டையைச் செம்மையாகச் செய்து எய்து மகிழ விரும்புவார்க்கும் வேண்டும். எறியும் ஆற்றல் எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்டால் வேறுபாடு தானே புலப்படும்.

கவண் என்பது கயிறு. நடுவே கல்லை ஏந்துவதற்கு அகன்ற மடி ஒன்று. அதன் இருபுறமும் நீண்ட கயிறு. ஒரு முனையை விரலில் மாட்டி, மறுமுனையைக் கைக்குள் பற்றிச் சுழற்றி, உரிய கணத்தில் பற்றிய முனையை விட்டால் கல் பறக்கும். ஆற்றல் முழுவதும் தோளிலும் கையிலும் உள்ளது. கயிறு கையை நீளமாக்கித் தருகிறது, அவ்வளவே. பழகிய கையினர் இதைக்கொண்டு நூறு மீட்டருக்கு அப்பாலும் கல்லெறிய வல்லவர். கலித்தொகையில், கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில், கவணிலிருந்து விடுபட்ட கல் ஒன்று வேங்கைப் பூவைச் சிதறி, ஆசினிப் பழத்தை உதிர்த்து, தேனடையைத் துளைத்து, மாங்கொத்தைக் கலக்கி, வாழை மடலைக் கிழித்துக் கடைசியில் பலாப்பழத்துள் சென்று தங்குகிறது. புலவரின் மிகை ஒருபுறம் இருக்கட்டும். சிறுவன் கையிலுள்ள லாஸ்திக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் மலைச்சாரல் முழுவதும் ஒரு கொல்லைப்புறமாகச் சுருங்கிவிடும். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளுள் ஒன்றாகக் கவண் எண்ணப்படுவதும் நினைக்கத்தக்கது.

அடுத்தது உண்டைவில். இது மெய்யாகவே வில். நாணின் நடுவே அம்புக்கு மாறாகக் களிமண் உண்டையை ஏந்தச் சிறு பை இருக்கும். மந்தரையின் கூன்மேல் சிறுவனாகிய இராமன் எய்தது இதனையே என்று கம்பர் கூறுவார். இங்கே ஆற்றல் வளைந்த மரத்தில் உள்ளது. வில் மறைந்தது, பெயர் மட்டும் உண்டிவில் எனத் திரிந்து கவட்டைமேல் ஏறிக்கொண்டது. தமிழ்நாட்டில் உண்டிகோல் என்பாரும், கவட்டை என்பாரும், கவண் என்றே சொல்வாரும் உளர். யாழ்ப்பாணத்தார் கெட்டபோல் என்பது ஆங்கிலக் கேட்டபல்ட்டின் திரிபு. இவற்றுள் சில பெயர்கள் கொம்பை நோக்கின, சில உண்டையை நோக்கின. எலாஸ்டிக் என்னும் சொல்லோடு உறவுடைய மலாய் லாஸ்திக் ஒன்றே கருவியின் உயிர்நிலையைத் தொட்டது. ஏனெனில் கவட்டையின் ஆற்றல் கொம்பில் இல்லை, இரப்பரில் இருக்கிறது.

பச்சை இரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறைகள் நீங்கும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டார். 1845-இல் இலண்டனில் ஸ்டீபன் பெர்ரி இரப்பர் வளையத்துக்குக் காப்புரிமை பெற்றார். கவட்டை பிறப்பதற்கு இவை முன்னே நிகழ வேண்டியிருந்தன. 1876-இல் பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுசென்ற விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு அவற்றுள் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பிறகு நடந்தது நம் பாட்டன் பாட்டியரின் வரலாறு. அந்நாளில் வெல்லஸ்லி மாநிலம் எனப்பட்ட இப்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்களாக மாறின. கரும்பு வெட்டிய தமிழர் குடும்பங்கள் பால் வெட்டத் தொடங்கின. கெத்தா என்னும் மலாய்ச் சொல் அவர்கள் வாயில் கித்தா ஆயிற்று.

இதில் ஒரு விந்தை உண்டு. கித்தாத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, வீட்டைச் சுற்றி எங்கும் பால் மரமாக இருந்தும், கவட்டைக்கு இரப்பர் அங்கே கிடைக்காது. தோட்டத்தில் ஆகும் பால் தகடு கந்தகம் ஏறாத பச்சை இரப்பர். இழுத்தால் நீளும், முழுவதும் மீளாது. அத்தகடு கப்பலேறி அயல்நாடு சென்று, ஆலையில் வெந்து, சைக்கிள் டியூபாகத் திரும்பி வந்து, அதுவும் ஒட்டுப்போட முடியாதபடி கிழிந்த பிறகே பிள்ளை கைக்குக் கிட்டும். கொம்புக்கும் பால் மரம் உதவாது. காற்றுக்கு முறியும் கிளை அது. பதப்படுத்தாவிடில் பூசணமும் துளைப்பூச்சியும் விரைவில் பற்றும்.

கொம்புக்குக் கொய்யா சிறந்தது. புளி, எலுமிச்சை ஆகியனவும் ஏற்றவை. மெல்ல வளர்ந்து இறுகிய மரமாக இருத்தல் வேண்டும். இரு கிளைகளும் ஒத்த பருமனாய்ப் பெருவிரல் அளவில் பிரியும் கவையைத் தேர்க. பலகையில் வரைந்து அறுத்த கவை அழகாக இருக்கும். ஆயினும் அதன் ஒரு கையிலேனும் மரநார் குறுக்கே ஓடும், இழுக்கும்போது அவ்விடத்தில் முறியும். முறிந்த துண்டு இரப்பரோடு பாய்வது எய்பவன் கண்ணை நோக்கியே. இயற்கைக் கவையில் நார் அடிமரத்திலிருந்து இரு கைகளுக்கும் அறுபடாமல் ஏறுகிறது. எந்தத் தச்சனும் பலகையில் இதைச் செய்துதர முடியாது. பலகைதான் வேண்டுமென்றால் நார்கள் மாறிமாறி அமைந்த நல்ல ஒட்டுப்பலகை கொள்க.

வெட்டிய கொம்பை வெயிலில் காயவைத்தலே பெரும்பாலோர் செய்யும் பிழை. வெளிப்புறம் முன்னே சுருங்கி வெடித்துவிடும். வெட்டுமுனைகளில் மெழுகு தடவி, நிழலில் சில வாரங்கள் விடுக. பச்சையாக இருக்கும்போதே இரு கைகளையும் கயிற்றால் இழுத்துக் கட்டினால் வேண்டிய வளைவு நிலைத்துவிடும். கைப்பிடி ஒரு சாண் இருந்தால் போதும். முனைகளின் இடைவெளி 8 முதல் 10 சென்டிமீட்டர். பட்டையைச் சீவி, முனையில் பள்ளம் செதுக்கி, அதில் இரப்பரைக் கட்டுக. மெழுகும் எண்ணெயும் பூசுவது அவரவர் விருப்பம்.

இரப்பர் வாங்குவோர் ஒன்றைக் கருத வேண்டும். 1937-இல் கண்டறியப்பட்ட பியூட்டில் என்னும் செயற்கை இரப்பர் காற்றை நன்கு அடக்குவதால் டியூப் செய்ய ஏற்றது. அதே இரப்பர் துள்ளி மீள்வதில் மந்தமானது. 'அந்தக் காலத்து டியூப் போல இல்லை' என்று முதியோர் சொல்வது வெறும் பழமைப் பற்று அன்று. கவட்டைக்கு இயற்கைப் பால் இரப்பரே வேண்டும். பட்டையைக் கொம்பின் பக்கம் அகலமாகவும் தோல் பையின் பக்கம் குறுகலாகவும் வெட்டினால் கல்லோடு ஓடும் பகுதியின் எடை குறைந்து வேகம் கூடும். இழுத்த பட்டையை உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். சற்றுப் பொறுத்துச் சுருங்கவிட்டால் குளிரும். 1805-இல் ஜான் கஃப் இதனைக் குறித்து வைத்தார். இழுத்தபடி நெடுநேரம் குறிபார்த்து நிற்பவனின் கல் ஏன் சோர்ந்து போகிறது என்பதற்கும் இதில் விடையின் ஒரு பகுதி உள்ளது: சூடு காற்றோடு போய்விடுகிறது.

5 கிலோ இழுவிசையில் அரை மீட்டர் இழுப்பதாகக் கொள்வோம். தேங்கும் ஆற்றல் ஏறத்தாழ 12 ஜூல். பாதி இரப்பரிலேயே செலவாயினும், 10 கிராம் உண்டை நொடிக்கு 35 மீட்டர் வேகம் பெறும். அஃதாவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். விளையாட்டுப் பொருள் என்று எண்ணிப் பறவையையோ நாயையோ நோக்குவது தகாது. மலேசியாவின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி காக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றி வேட்டையாடுதல் குற்றமுமாகும். பழைய தகரக் குவளையைத் தொங்கவிட்டு, பின்னால் தடித்த துணியைத் தளர்வாகக் கட்டினால் உண்டை அதில் பட்டு விழும். எய்பவர் கண்ணாடி அணிதல் வேண்டும். இரும்புக் குண்டு கல்லிலும் மரத்திலும் பட்டுத் திரும்பி வரும். நிழலில் உலர்ந்த களிமண் உண்டை பட்ட இடத்தில் நொறுங்கும். பழைய உண்டைவில்லாரின் அறிவு இங்கே கைகொடுக்கிறது. கூழாங்கல் உருண்டையாக இல்லாதபோது வழிவிலகும்.

ஒவ்வொரு முறையும் எய்யுமுன் பட்டையை நீட்டிக் கீறல் உண்டா என்று பார்க்க. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இரப்பரை அரிப்பன. கவையைக் கிடையாகப் பிடித்து, பையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பற்றி, எப்போதும் கன்னத்தின் ஒரே இடத்துக்கு இழுத்து நிறுத்துக. இடம் மாறினால் விசையும் மாறும், குறியும் மாறும். மேலே சொன்ன வேகத்தில் நேர்க்கிடையாகச் செல்லும் உண்டை 10 மீட்டர் தொலைவுக்குள் 40 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். 20 மீட்டரில் அத்தாழ்வு இருமடங்கன்று, நான்கு மடங்கு. ஆகவே குவளையை முதலில் 10 மீட்டரில் தொங்கவிட்டு, அங்கே கை படிந்த பின்னரே தொலைவைக் கூட்டுக.