93 நாள் சாப்பிடாத மாணவன்!
கம்ப்யூட்டர் போட்ட கணக்கும், கல்லூரி மாணவி கற்ற பாடமும்

ஒரு கல்லூரி மாணவன் 93 நாள் விடுதியில் சாப்பிடவே இல்லை!

ஆகவே, மார்ச் மாதத்துக்கு அவன் சாப்பாட்டுப் பணம் கட்ட வேண்டியது இல்லை. விடுதிதான் அவனுக்கு 6 ஆயிரத்து 200 ரூபாய் கொடுக்க வேண்டும்!

இப்படி ஒரு கணக்கைப் போட்டது யார் தெரியுமா? ஒரு கம்ப்யூட்டர்!

“கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடுமா?” என்று நீங்கள் கேட்கலாம்.

போடாது. அது சொன்னதைச் செய்யும். அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் 4 பேர். அந்த 4 பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை. அதனால் வந்த வினை இது.

கொங்கு நாட்டுக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் படித்த மாணவி ஒருத்தி இந்தக் கதையை என்னிடம் சொன்னாள். “என் பெயரைப் போட வேண்டாம். ஆனால் கதையைப் போடுங்கள். நாலு பேருக்கு உதவும்” என்றாள்.

புரோகிராம் என்றால் என்ன?

சமையலே தெரியாத ஒருவனை அடுப்படியில் நிறுத்துங்கள். “உப்புப் போடு” என்று மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு உப்பு, எந்தப் பாத்திரத்தில், எப்போது என்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. செய்ய வேண்டிய வேலையை வரிவரியாகக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளை வரிசைக்குத்தான் “புரோகிராம்” என்று பெயர்.

பெரிய புரோகிராம்களில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். ஒரே ஆள் உட்கார்ந்து எழுதி முடிக்க முடியாது. பலர் கூடித்தான் எழுத வேண்டும். ஆகவே, கல்லூரியிலேயே மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, “சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதி வாருங்கள்” என்று வேலை கொடுக்கிறார்கள்.

சேர்ந்து வேலை செய்வது எளிதா? கேளுங்கள்.

நான்கு பேர்

அந்த மாணவி 3-ம் ஆண்டு படித்துக்கொண்டு இருந்தாள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள்.

பேராசிரியர், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி 4 பேர் 4 பேராகப் பிரித்தார். இவளுடைய குழுவில் இன்னொரு மாணவி. கிரிக்கெட் ஆடும் மாணவன் ஒருவன். கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்த மாணவன் ஒருவன். கடைசியாகச் சொன்னவன் வாயே திறக்கமாட்டான்.

விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைப் போடும் புரோகிராம் எழுத வேண்டும். இதுதான் வேலை. ஒரு நாள் சாப்பாட்டுக்கு 100 ரூபாய். லீவில் ஊருக்குப் போனால், அத்தனை நாள் பணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

“கணக்குப் போடும் பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். லீவுத் தேதியை வாங்கும் பகுதியைத் தோழியிடம் கொடுத்தேன். விவரங்களைச் சேர்த்து வைக்கும் வேலை கிரிக்கெட் மாணவனுக்கு. அவன் மைதானத்தில் இருந்து வரவே இல்லை. அதையும் நானே செய்தேன். இரவு 2 மணி வரை விழித்து இருந்தேன்” என்றாள் அவள்.

“அந்தக் கிராமத்து மாணவன்?”

“அவனுக்குப் புரோகிராம் வராது என்று நானே முடிவு செய்துவிட்டேன். ரிக்கார்டு நோட்டு எழுதும் வேலையைக் கொடுத்தேன்.”

இதைச் சொல்லும்போது அவள் தலை குனிந்தாள்.

கயிறு இழுத்த ஆராய்ச்சி

பலர் சேர்ந்தால் சிலர் சும்மா இருப்பது ஏன்?

பிரான்ஸ் நாட்டில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் இருந்தார். அவர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து பார்த்தார். முதலில் ஒரே ஆள். பிறகு 2 பேர், 3 பேர் என்று 8 பேர் வரை கூட்டினார்.

முடிவு என்ன? ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைந்தது. 8 பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்ததில் ஏறக்குறையப் பாதி பலம்தான் கிடைத்தது! இந்த ஆராய்ச்சி 1913-ல் வெளிவந்தது.

“மற்றவன் இழுப்பான்” என்ற நினைப்பு ஒரு காரணம். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காதது இன்னொரு காரணம். “ஏலேலோ” என்று ஒருவர் குரல் கொடுத்து, மற்றவர்கள் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும். இது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

இந்தக் குழுவிலோ, குரல் கொடுக்க வேண்டியவள் கயிற்றைத் தானே பிடுங்கிக்கொண்டாள்!

பரீட்சை நாள்

பேராசிரியர் முன்னிலையில் புரோகிராமை ஓட்டிக் காட்டும் நாள் வந்தது.

“20-ம் தேதி முதல் 22-ம் தேதி வரை லீவு போட்டு, நான் ஏற்கனவே சோதித்துப் பார்த்து இருந்தேன். கணக்கு சரியாக வந்தது. தைரியமாக நின்றேன்” என்றாள் மாணவி.

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மார்ச் 5-ம் தேதி முதல் 8-ம் தேதி வரை ஒரு மாணவனுக்கு லீவு போட்டார்.

லீவு 4 நாள். மார்ச் மாதத்துக்கு 31 நாள். 3 ஆயிரத்து 100 ரூபாய். 400 ரூபாயைக் கழித்தால், 2 ஆயிரத்து 700 ரூபாய் வர வேண்டும்.

கம்ப்யூட்டர் என்ன காட்டியது தெரியுமா?

லீவு 93 நாள்! கழிக்க வேண்டியது 9 ஆயிரத்து 300 ரூபாய்! விடுதி திருப்பித் தர வேண்டியது 6 ஆயிரத்து 200 ரூபாய்!

“93 நாள் சாப்பிடாமல் இருக்கும் அந்த மாணவன் யாரம்மா?” என்று கேட்டார் பேராசிரியர்.

வகுப்பே சிரித்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

10 நாள் தவணை கிடைத்தது.

குறுக்கு வழி

“காசு கொடுத்தால் ஆயத்தமாக எழுதிய புரோகிராம் கடையிலேயே கிடைக்கிறது. வாங்கிவிடலாம்” என்றான் கிரிக்கெட் மாணவன்.

ஆம்! கல்லூரிப் புரோகிராம்களை விலைக்கு விற்கும் கடைகள் உண்டு. வாங்கினால் மார்க் கிடைக்கலாம். மூளைக்கு என்ன கிடைக்கும்?

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நேராகப் பேராசிரியரிடம் போனாள். “சார், எங்கள் குழுவில் இன்னும் 2 பேரைச் சேர்த்துவிடுங்கள். சீக்கிரம் முடித்துவிடுவோம்” என்றாள்.

பேராசிரியர் சிரித்தார். ஒரு கதை சொன்னார்.

அமெரிக்காவில் ஃபிரெட் புரூக்ஸ் என்று ஒரு நிபுணர். ஐ.பி.எம். கம்பெனி 1964-ல் அறிவித்த “சிஸ்டம் 360” கம்ப்யூட்டர்களுக்கு வேண்டிய பெரிய புரோகிராம் வேலையை நடத்தியவர். ஏராளமான பேர் அதில் வேலை செய்தார்கள். அப்படியும் வேலை தாமதம் ஆயிற்று.

அந்த அனுபவத்தை வைத்து அவர் 1975-ல் ஒரு புத்தகம் எழுதினார். தாமதமாகிப் போன புரோகிராம் வேலையில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதம்தான் ஆகும் என்று அதில் சொன்னார். இதற்கு “புரூக்ஸ் விதி” என்றே பெயர் வந்துவிட்டது. 2022-ல் அவர் காலமானார்.

அது எப்படி? புதிதாக வருகிறவருக்கு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பழையவர்களின் நேரம் போகும். மேலும், 4 பேர் இருந்தால், இருவர் இருவராகப் பேச 6 வழிகள். 6 பேர் ஆனால் 15 வழிகள். 8 பேர் ஆனால் 28 வழிகள்!

“நீங்கள் 4 பேர். இருக்கிற 6 வழியில் எத்தனை வழியில் பேசினீர்கள்?” என்று கேட்டார் பேராசிரியர்.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

தொலைந்த விண்கலம்

“வெட்கப்படாதே. பெரியவர்களும் இப்படித் தவறி இருக்கிறார்கள்” என்று பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார்.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பரில் செவ்வாய் கிரகத்துக்கு ஒரு விண்கலம் அனுப்பியது. 9 மாதம் பயணம் செய்து, 1999 செப்டம்பர் 23-ந் தேதி அது செவ்வாயை நெருங்கியது. அத்தோடு சரி! அதன் பிறகு பேச்சு மூச்சு இல்லை.

காரணம் என்ன? விண்கலத்தைச் செய்த கம்பெனி கொடுத்த புரோகிராம், விசையைப் “பவுண்டு” கணக்கில் சொன்னது. அதை வாங்கிய நாசா குழு, “நியூட்டன்” கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய நாலரை நியூட்டன்.

விளைவு? 200 கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் போக வேண்டிய விண்கலம், 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

ஒருவர் படியில் அளந்தார். மற்றவர் அதை லிட்டர் என்று எண்ணினார். அதுதான் நடந்தது!

நோட்டுப் புத்தகம்

அன்று மாலை அவள் 4 பேரையும் மரத்தடியில் கூட்டினாள். முதல் தடவையாக, “உங்களில் யாருக்காவது ஏதாவது தெரியுமா?” என்று கேட்டாள்.

வாய் திறக்காத அந்த மாணவன், பையில் இருந்து 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்தான்.

அவன் தகப்பனார் மளிகைக் கடைக்காரர். பேரேட்டில் கூட்டிப் போட்ட தொகையை மறுபடி கூட்டிப் பார்ப்பது அவனுக்குச் சிறு வயதுப் பழக்கம். ரிக்கார்டு எழுதுவதற்காகக் கம்ப்யூட்டர் காட்டிய கணக்குகளை எடுத்தவன், ஒவ்வொன்றையும் கையால் போட்டுப் பார்த்து இருக்கிறான்.

நோட்டில் இப்படி எழுதி இருந்தது:

ஒரே நாள் லீவு - சரி.
20 முதல் 22 வரை - சரி.
13 முதல் 15 வரை - சரி.
10 முதல் 12 வரை - தப்பு.
5 முதல் 8 வரை - தப்பு.

“12-ம் தேதி வரை தப்பு, அதற்கு மேல் சரி. வருஷத்துக்கு 12 மாதம்தானே? தேதியை மாதம் என்று படிக்கிறதோ என்று சந்தேகம்” என்றான் அவன்.

அதுதான் உண்மை! தோழி எழுதிய பகுதி, நம் வழக்கப்படி தேதியை முதலில் போட்டு, மாதத்தைப் பிறகு போட்டது. முதல் மார்க் மாணவி பயன்படுத்திய பகுதியோ, அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படித்தது. மார்ச் 5 என்பது மே 3 ஆயிற்று. மார்ச் 8 என்பது ஆகஸ்டு 3 ஆயிற்று. நடுவே 93 நாள்! 13-வது மாதம் என்று ஒன்று கிடையாது. ஆகவே 13-ம் தேதியில் இருந்து மட்டும் அது சரியாகப் படித்தது.

“இதை முன்பே ஏன் சொல்லவில்லை?” என்று அவள் கேட்டாள்.

அவன் மெதுவாகச் சொன்னான்:

“ஒருநாள் சொல்ல வந்தேன். ‘ரிக்கார்டு முடிந்ததா?’ என்று கேட்டீர்கள். ‘இன்னும் இல்லை’ என்றேன். நீங்கள் போய்விட்டீர்கள்.”

அன்று இரவு தனக்குத் தூக்கம் வரவில்லை என்று அந்த மாணவி என்னிடம் சொன்னாள்.

புதுப் பேரேடு

மறுநாள் 4 பேரும் ஒரு முடிவு செய்தார்கள். வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில்தான் எல்லோரும் எழுதுவது. உலகத் தர நிர்ணய அமைப்பு 1988-ல் வகுத்த விதியும் இதுதான்.

வேலையைப் பதிந்து வைக்க “கிட்” என்ற புரோகிராமைப் பயன்படுத்தினார்கள். பின்லாந்தில் பிறந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது அது. யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று பேரேடு போல அது பதிந்து வைக்கும். பலர் எழுதியதை ஒன்றாகச் சேர்க்கும். ஒரே வரியை 2 பேர் 2 விதமாக மாற்றினால், “எது சரி? பேசி முடிவு செய்யுங்கள்” என்பதுபோல் நிறுத்திவிடும்.

கிராமத்து மாணவன் சோதனை வேலையை ஏற்றான். கணக்குப் பகுதியில் பாதியை அவள் அவனுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். 3 நாளில் அவனே எழுதத் தொடங்கினான்.

கிரிக்கெட் மாணவன் 2 நாள் வந்தான். 3-ம் நாள் மறுபடியும் மைதானத்துக்குப் போய்விட்டான். எல்லோரும் திருந்திவிடுவது சினிமாவில்தான்!

10-ம் நாள், பேராசிரியர் மறுபடி மார்ச் 5-ம் தேதியையே போட்டார். 2 ஆயிரத்து 700 ரூபாய் என்று வந்தது.

பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே கேள்வி கேட்டார். கிரிக்கெட் மாணவன் விழித்தான். அவனுக்கு மார்க் குறைந்தது.

கிராமத்து மாணவன் ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறினான். “தமிழிலேயே சொல்லப்பா” என்றார் பேராசிரியர். அவன் நோட்டை விரித்து, தப்பைக் கண்டுபிடித்த கதையை 5 நிமிடம் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் குழுவில் அதிக மார்க் அவனுக்குத்தான்!

“உங்களுக்கு வருத்தம் இல்லையா?” என்று அவளைக் கேட்டேன்.

“கொஞ்சம் இருந்தது” என்று சிரித்தாள். “இப்போது நான் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் 7 பேர். கூட்டம் நடந்தால், பேசாமல் இருப்பவரைப் பார்த்து, ‘நீங்கள் என்ன கவனித்தீர்கள்?’ என்று முதலில் கேட்பேன். அதைக் கல்லூரிதான் கற்றுக் கொடுத்தது” என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படிக் குழு வேலை செய்யலாம். “நீ எவ்வளவு செய்தாய்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “மற்றவர்களிடம் பேசினாயா?” என்றும் கேளுங்கள்.

அந்த ஒரு கேள்வியை முன்பே யாராவது கேட்டிருந்தால், பாவம், அந்த மாணவன் 93 நாள் பட்டினி கிடந்திருக்க மாட்டான்!