ஊர் தூங்கும்போது வரும் தக்காளி... சென்னைச் சாலைகளில் சரக்குக்கு இடம் எங்கே?

இரவு 11 மணி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கார்களும் பைக்குகளும் குறையக் குறைய, லாரிகளின் நேரம் ஆரம்பமாகிறது. கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் தக்காளி, நாசிக்கிலிருந்து வெங்காயம், ஊட்டியிலிருந்து கேரட், ஓசூர் பக்கமிருந்து பூ... எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கோயம்பேடு!

காலையில் சாம்பாரில் விழும் தக்காளியின் விலையில் விவசாயியின் உழைப்பு மட்டும் இல்லை. அது எத்தனை மணி நேரம் சாலையில் காத்து நின்றது என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஓரமாக இருந்தது, நடுவே வந்தது!

ஒரு காலத்தில் சென்னையின் காய்கறி மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுனில் உள்ள கொத்தவால்சாவடியில் நடந்தது. அந்தக் குறுகிய தெருக்களில் லாரி நுழைந்துவிட்டால் திரும்புவதே பெரும்பாடு. நெரிசல் தாங்காமல்தான் 1996-ல் சுமார் 295 ஏக்கரில் கோயம்பேடு மார்க்கெட் வளாகம் திறக்கப்பட்டது. அப்போது அது நகரின் ஓரம். லாரிகள் ஊருக்குள் வராமலேயே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்பது கணக்கு.

ஆனால், ஊர் அந்தக் கணக்கைத் தாண்டி வளர்ந்துவிட்டது. 2002-ல் பக்கத்திலேயே வெளியூர் பேருந்து நிலையம் வந்தது. 2015 ஜூன் 29-ல் சென்னையின் முதல் மெட்ரோ ரயில் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே ஓடியது. சுற்றிலும் குடியிருப்புகள் பெருகின. நெரிசலைக் குறைக்க, 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. பயணிகளுக்கு மெட்ரோவும் புது முனையமும் கிடைத்தன. காய்கறி மூட்டைக்கு இன்றும் அதே சாலைதான்.

ஒரே சந்தையை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை 2020 மே மாதம் சென்னை பார்த்தது. கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட, காய்கறி விலை எகிறியது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைக்கப்பட்டது. காய்கறிக் கடைகள் கோயம்பேட்டுக்குத் திரும்பியது செப்டம்பர் 28-ல்தான்.

குட்டி யானைக்கு எங்கே இடம்?

பெரிய லாரியின் வேலை மார்க்கெட்டோடு முடிகிறது. அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். 2005-ல் அறிமுகமான டாடா ஏஸை நம் ஊர் ஆட்கள் 'குட்டி யானை' ஆக்கிவிட்டார்கள். சந்துகளுக்குள் நுழைய அதுதான் வசதி. அதுவும் நுழைய முடியாத இடங்களுக்கு மீன்பாடி வண்டி இருக்கிறது.

ஆனால், வண்டியை எங்கே நிறுத்தி இறக்குவது? பெரும்பாலான கடைத்தெருக்களில் அதற்கென இடமே இல்லை. பாதிச் சாலையை மறித்து நிறுத்த வேண்டும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். போலீஸ் வந்தால் அபராதம். ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓடுகிறோம் என்பதில்தான் பல ஓட்டுநர்களின் வருமானம் இருக்கிறது. ஒரு நடை குறைந்தால் அன்றைய சம்பாத்தியம் குறையும். வெயிலில் நிற்கும் தக்காளியும் நசுங்கும். அந்த நஷ்டம் கடைசியில் கிலோ விலையில்தான் ஏறும்.

பகலில் முக்கியச் சாலைகளில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் டூவீலர்களும் செல்லும் சாலையில் அது அவசியமும்கூட. ஆனால், கட்டுப்பாடு நீங்கும் வரை ஓட்டுநர்கள் நகரின் எல்லையில் காத்திருக்க வேண்டும். சாலையோரம்தான் பார்க்கிங். கேபின்தான் படுக்கை. பகலில் வெக்கையில் சரியாகத் தூங்காதவர்கள், இரவில் பல டன் சுமையோடு ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். இது அவர்களுக்கு மட்டுமான ஆபத்து இல்லை.

இரண்டு அடிக்கல், ஒரு மேம்பாலம்

துறைமுகத்தின் கதையும் இதேதான். 1881 முதல் இயங்கும் சென்னைத் துறைமுகத்தைச் சுற்றி நகரம் நெருக்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் சரக்கு கப்பலேற வேண்டுமென்றால், கன்டெய்னர் லாரிகள் இந்த நெரிசலைக் கடந்தாக வேண்டும்.

இதற்காகத் துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கும் என்ற பிரச்னையில் 2012-ல் வேலை நின்றது. பாதியில் நின்ற தூண்களைப் பார்த்தபடியே சென்னை மக்கள் ஆண்டுக்கணக்கில் கடந்துபோனார்கள். 2022 மே 26-ல் மீண்டும் அடிக்கல். இம்முறை சுமார் 21 கிலோமீட்டருக்கு இரண்டடுக்குச் சாலை. மதிப்பீடு 5,850 கோடி ரூபாய்க்கு மேல். சரக்கு வாகனங்கள் 24 மணி நேரமும் துறைமுகம் சென்றுவர வழி செய்வதுதான் நோக்கம். திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் சரக்குப் பூங்காவுக்கும் அன்றே அடிக்கல் நாட்டப்பட்டது.

பெரிய திட்டங்கள் முடியட்டும். அதுவரை செய்யக்கூடிய சின்ன வேலைகளும் இருக்கின்றன. கடைத்தெருக்களில் சரக்கு இறக்கத் தனி இடமும் நேரமும் ஒதுக்கலாம். நகர எல்லைகளில் கழிப்பறை, குளியலறை, நிழலோடு லாரி நிறுத்தங்கள் அமைக்கலாம். ஒரே சந்தையில் எல்லாம் குவியாமல், நகரின் நான்கு திசையிலும் சிறிய மொத்தச் சந்தைகளை வளர்க்கலாம்.

அதிகாலை 5 மணி. தக்காளிப் பெட்டிகள் குட்டி யானைக்கு மாறுகின்றன. காலி லாரி, நகரம் விழிப்பதற்குள் எல்லையைத் தாண்டியாக வேண்டும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் தெருமுனைக் கடையில் யாரோ ஒருவர் கேட்பார்... "என்னங்க, தக்காளி இந்த விலை சொல்றீங்க?"